சிற்றலை வானொலி: குமிழிலிருந்து செயலி வரை

சிற்றலை வானொலி என்பது 3 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களில் நடைபெறும் ஒலிபரப்பு ஆகும். இந்த அலைகளின் நீளம் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை இருக்கும். பழைய வானொலிப் பெட்டிகளின் கண்ணாடி முகப்பில் 25 மீ., 31 மீ., 41 மீ., 49 மீ. என்று அச்சிடப்பட்டிருந்த எண்கள் இந்த நீளத்தையே குறித்தன. கடல் கடந்த நாடுகளிலிருந்து தமிழ் ஒலிபரப்பு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் இந்த அலைகளில்தான் வந்தது. இன்று சிற்றலை வானொலிப் பெட்டி உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. குமிழைத் திருகுவதற்குப் பதிலாகத் திறன்பேசிச் செயலியைத் தொட்டு அதை இயக்கலாம். ஆனால் பெட்டி இவ்வளவு எளிதாகிய அதே ஆண்டுகளில்தான் அதில் கேட்பதற்கு இருந்த தமிழ்க் குரல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. இக்கட்டுரை இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கிறது.

மலையடிவாரமும் வானத்துக் கண்ணாடியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் வேலூர் - போளூர் சாலையை ஒட்டி, ஜவ்வாது மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சந்தவாசல். சம்புவராயர் தலைநகராக விளங்கிய படவேடு இதன் அருகில் உள்ளது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகும் வரை இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஊருக்கு மேற்கே மலை சுவர்போல நிற்கிறது. சிற்றலையின் தன்மையைப் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட ஊர் நல்ல எடுத்துக்காட்டு.

பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். கோபுரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே மலை வந்துவிட்டால் ஒலி தேயும், அல்லது இரைச்சலில் மூழ்கும். கைப்பேசிக் கோபுரத்தின் அலைக்கும் இதே சிக்கல் உண்டு. மலைக்கு மேலே ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குக் கிராமங்களுக்குச் செல்பவர்கள் வளைவுக்கு வளைவு கைப்பேசியில் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பார்கள்.

சிற்றலை வேறு வழியில் பயணம் செய்கிறது. தரைக்கு மேலே சுமார் 100 முதல் 400 கிலோ மீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலம் இருக்கிறது. ஒலிபரப்பியிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாகச் செல்லும் சிற்றலையை இந்த மண்டலம் வளைத்துத் தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. தரையும் அதை மீண்டும் மேலே அனுப்பும். இப்படிப் பந்துபோல் துள்ளித் துள்ளி அலை கண்டங்களைக் கடக்கிறது. மேலிருந்து இறங்கும் அலைக்கு மலை பெரிய தடையல்ல. லண்டனிலிருந்தும் பீக்கிங்கிலிருந்தும் வந்த குரல் அடிவாரத்துத் திண்ணைக்கும் மலைமேல் குடிசைக்கும் ஒன்றுபோல் எட்டியதற்கு இதுவே காரணம்.

இந்த வானத்துக் கண்ணாடி நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் 13, 16, 19, 25 மீட்டர் போன்ற குறைந்த நீள அலைகள் நன்றாக எட்டும். பொழுது சாய்ந்த பிறகு 31, 41, 49 மீட்டர் அலைகள் சிறக்கும். சூரியனில் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் கரும்புள்ளிகளும் இதைப் பாதிக்கின்றன. ஒலி எழுந்தும் தாழ்ந்தும் அலைபாய்வது பெட்டியின் குறை என்று பலர் நினைத்துப் பெட்டியைத் தட்டியதுண்டு. உண்மையில் அசைந்தது வானம்.

தமிழ் கேட்ட அலைகள்

தமிழ்நாட்டில் வானொலியின் கதை 1924இல் தொடங்குகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி அவ்வாண்டு மே 16 அன்று சென்னை மாகாண வானொலி மன்றத்தைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பியது. பணமின்றி 1927இல் அது நின்றபோது கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் சென்றன. மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. நகரத்தை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்கு வானொலி நெருக்கமானதோ பின்னர்தான். அந்த நெருக்கத்தில் பெரும் பங்கு இலங்கைக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காக இலங்கையிலிருந்து 'ரேடியோ சீயாக்' என்ற நிலையத்தை நடத்தியது. கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் இதற்காக 100 கிலோ வாட் வலிமையுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்த பின் இது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது.

இந்தியாவில் அப்போது நடந்த ஒன்று ரேடியோ சிலோனுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்கள் தரம் குறைந்தவை என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார். பாட்டுக் கேட்க விரும்பிய மக்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா புகழ் பெற்றதும் இந்தச் சூழலில்தான். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்த நேயர் இழப்பே முக்கியக் காரணம். தடை போட்டு மக்களின் காதைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம் நெடுங்காலம் தாங்கவில்லை.

தமிழில் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உறவினர் பெயர்போல் வழங்கப்பட்டார்கள். 'பொங்கும் பூம்புனல்' காலை நேரத்தைக் குறிக்கும் கடிகாரமாகவே இருந்தது. சைக்கிள் கடை, தேநீர்க் கடை, முடிதிருத்தகம் எல்லாவற்றிலும் இலங்கை வானொலி ஒலித்தது. நிலையம் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று அமைப்பு மாறிய பின்னும் மக்கள் வாயில் அது 'சிலோன் ரேடியோ'தான்.

லண்டனிலிருந்து பி.பி.சி. 1941 மே 3 அன்று தமிழில் வாராந்திரச் செய்தி மடலைத் தொடங்கியது. பின்னாளில் அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியில் பணியாற்றிய அவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' இத்துறையில் தமிழில் வந்த முன்னோடி நூல். பீக்கிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. மாஸ்கோ, வத்திக்கான், மணிலாவின் வெரித்தாஸ் ஆகிய வானொலிகளும் தமிழில் பேசின. ஒவ்வொரு நாடும் தன் கருத்தைப் பரப்பவே இச்செலவைச் செய்தது என்பது நேயர்களுக்கும் தெரியும். ஒரே செய்தியை மாஸ்கோ ஒருவிதமாகவும் லண்டன் ஒருவிதமாகவும் சொல்ல, இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதாகத் தம் முடிவைச் சொல்லும் பழக்கம் கிராமத்து நேயர்களிடம் இருந்தது.

நேயர்கள் கேட்பதோடு நிற்கவில்லை, கடிதம் எழுதினார்கள். நேயர் மன்றங்கள் ஊருக்கு ஊர் தோன்றின. ஒலியின் வலிமை, இடையூறு, இரைச்சல், அலைபாய்வு, மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு அனுப்பும் 'சின்போ' அறிக்கையைப் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர்களும் பிழையின்றி எழுதினார்கள். நிலையங்கள் பதிலுக்கு 'கியூ.எஸ்.எல்.' என்னும் வண்ண அட்டையை அனுப்பின. வெளிநாட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறை வந்த நாளில் தபால்காரரே அந்த வீட்டில் சற்று நேரம் நின்று போவார்.

பெட்டி வைத்திருப்பதற்கே அன்று அரசு உரிமம் வேண்டும் என்பதை இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, அதற்குரிய சிறு புத்தகத்தில் தலை ஒட்டி முத்திரை பெற வேண்டும். இந்த முறை 1980களில் கைவிடப்பட்டது.

மிதிவண்டி டைனமோ

சிற்றலையைப் பொழுதுபோக்காக மட்டும் கருதுவோர் யாழ்ப்பாணத்தின் 1990களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு வானொலிக்கான மின்கலங்களும் சேர்ந்திருந்தன. மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தினார்கள். ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, விளக்குக்கான டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. சுற்றியிருந்தவர்கள் தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி மங்கும். அடுத்தவர் கை மாற்றுவார்.

எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்குமா என்பதைச் சொந்த ஊர்ச் செய்தியாக ஆயிரக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்க வேண்டிய நிலை அது. செய்தித்தாளுக்குத் தாள் இல்லை; தொலைபேசி இல்லை. ஒலிபரப்பி வேறு நாட்டில் இருந்ததால் அதை அணைக்க உள்ளூரில் யாராலும் முடியவில்லை. சிற்றலையின் முழு வலிமையும் இந்த ஒரு வரியில் அடங்கும்: கேட்பவருக்கும் பேசுபவருக்கும் நடுவே தனியாருடையதோ அரசுடையதோ ஆன எந்தக் கம்பியும் கோபுரமும் இல்லை. கேட்டவர் யார் என்ற பதிவும் எங்கும் இல்லை.

முள் போய் எண் வந்தது

பெட்டிகளின் கதைக்கு வருவோம். வால்வு வானொலி ஒரு மரப் பெட்டி. சூடேறிப் பேச அரை நிமிடம் ஆகும். வீட்டின் கூடத்தில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கூரைக்கு மேலே இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கட்டிய ஏரியல் கம்பி அந்த வீட்டின் செல்வ நிலையைத் தெருவுக்கு அறிவித்தது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் ரீஜென்சி டிஆர்-1 என்ற முதல் வணிக டிரான்சிஸ்டர் வானொலி வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனி தன் பெட்டியை விற்றது. மர்பி, புஷ், பிலிப்ஸ் என்ற பெயர்கள் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயர்கள் ஆயின. டார்ச் விளக்குக்குப் போடும் கட்டைகளே போதும் என்பதால் பெட்டி வயலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வந்தது.

ஆனாலும் நிலையத்தைப் பிடிப்பது ஒரு கைத்திறன். முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் நிலையம் போய்விடும். 41 மீட்டர் என்று அச்சிட்ட ஒரு விரல் அகலத்துக்குள் பல பத்து நிலையங்கள் நெருக்கி நிற்கும். கைதேர்ந்தவர் முகப்புக் கண்ணாடியில் பேனா மையால் புள்ளி வைத்திருப்பார். போதாதற்கு நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில், அலைவெண்ணை மாற்றும். கோடையிலும் குளிர்காலத்திலும் அயனி மண்டலம் வேறுபடுவதே இதற்குக் காரணம். பழைய நிகழ்ச்சியின் கடைசியில் அறிவிப்பாளர் புதிய எண்களை வாசிக்கும்போது தாளும் பென்சிலும் கையில் இல்லாதவர், அடுத்த வாரம் முழுவதும் துழாவ வேண்டியதுதான்.

எண் காட்டும் பெட்டிகள் 1980களில் பரவத் தொடங்கின. விலை காரணமாக நம் ஊர்களில் அவை அரிது. உண்மையான திருப்பம் 2000களின் பிற்பகுதியில் வந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த சிலிக்கான் லேப்ஸ் நிறுவனம் எஸ்.ஐ.4734, எஸ்.ஐ.4735 என்னும் சில்லுகளை வெளியிட்டது. முன்பு சுருள்களும் மின்தேக்கிகளும் வடிகட்டிகளும் செய்த வேலை முழுவதையும் நகக்கண் அளவுள்ள ஒரு சில்லே எண்முறைக் கணக்கீட்டால் செய்தது. சீனாவின் டெக்சன் நிறுவனம் பிஎல்-310 போன்ற கையடக்கப் பெட்டிகளில் இவ்வகைச் சில்லைப் பயன்படுத்தியது.

இந்தச் சில்லுக்குக் குமிழ் தேவையில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. '9,500 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போ' என்று எண்ணாகக் கட்டளை கொடுத்தால் போதும். கட்டளை பொத்தானிலிருந்து வந்தாலும் கணினியிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். செயலி நுழைந்தது இந்த வாசல் வழியாகவே. 2019 முதல் பிரேசிலைச் சேர்ந்த ரிக்கார்டோ லிமா கராட்டி என்ற அமெச்சூர் வானொலியாளர் இந்தச் சில்லுகளை இயக்கும் நிரல் தொகுப்பை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியிட்டார். அதைப் பின்பற்றி உலகெங்கும் ஆர்வலர்கள் தாமே பெட்டி செய்தார்கள். சீனாவில் ஏ.டி.எஸ்-20, ஏ.டி.எஸ். மினி போன்ற சிறு பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ராடி நிறுவனத்தின் ஆர்.எப்.320 போன்ற பெட்டிகள் புளூடூத் வழியாகத் திறன்பேசிச் செயலியோடு இணைந்து இயங்குமாறே வடிவமைக்கப்பட்டன.

செயலி என்ன செய்கிறது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். திறன்பேசியில் இணையம் வழியாக வானொலி கேட்பது சிற்றலை கேட்பது ஆகாது. அங்கே ஒலி வருவது கைப்பேசிக் கோபுரம் வழியாக. செயலியால் இயங்கும் சிற்றலைப் பெட்டியில் அலையைப் பிடிப்பது பெட்டியும் அதன் ஏரியலும்தான். திறன்பேசி வெறும் கட்டளைப் பலகை. சிம் அட்டை இல்லாத பழைய திறன்பேசியே போதும்.

வேறொரு வகையும் உண்டு. தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான யு.எஸ்.பி. கருவி ஒன்றை வானொலி வாங்கியாகப் பயன்படுத்தலாம் என்று 2012இல் ஆர்வலர்கள் கண்டறிந்தனர். 'ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர்.' எனப்படும் இதை ஒரு சிறு கம்பியால் திறன்பேசியோடு இணைத்தால், ஒலியைப் பிரித்தெடுக்கும் கணக்கீடு முழுவதையும் திறன்பேசியே செய்யும். சிற்றலைக்கு இதில் கூடுதல் ஏற்பாடு தேவை. இங்கே செயலி கட்டளைப் பலகை அல்ல, அதுவே வானொலி.

முதல் வகையில் செயலியைத் திறந்து புளூடூத்தை இணைத்தவுடன் எண் பலகை தோன்றும். அலைவெண்ணைத் தட்டினால் பெட்டி அங்கே செல்லும். ஒலியளவு, நினைவிடம், தானாக அணையும் நேரம் எல்லாம் விரல் நுனியில். நிலையத்தின் பெயரையும் எண்ணையும் பட்டியலாகச் சேமிக்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஐக்கே பீர்விர்த் தொகுத்து இலவசமாக வழங்கும் 'ஐபி' அட்டவணையைச் சில பெட்டிகள் வைஃபை வழியாக இறக்கிவைத்துக்கொண்டு, இந்த நேரத்தில் இந்த அலைவெண்ணில் பேசுவது எந்த நிலையம் என்பதையும் திரையில் காட்டும். முன்பு தாளிலும் பென்சிலிலும் இருந்த அறிவு இப்போது பெட்டிக்குள் வந்துவிட்டது. அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் செல்வது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

செயலியின் மிகப் பெரிய பயன் சோம்பலுக்கு இடம் தருவதல்ல. பெட்டியை வீட்டுக்கு வெளியே வைக்க முடிவதுதான். இன்றைய வீடு சிற்றலைக்குப் பகை. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர், தொலைக்காட்சி எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இரைச்சலைக் கொட்டுகின்றன. பெட்டியை மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ வைத்து, பத்து மீட்டர் செப்புக் கம்பியை மரத்தில் கட்டி, நேயர் திண்ணையில் அமர்ந்து செயலியால் இயக்கலாம். புளூடூத் எட்டும் தூரமும் தடையில்லாத இடத்தில் ஏறத்தாழ பத்து மீட்டர்தான் என்பதால் சுவர்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். (மின்வெட்டு நேரத்தில் தெரு முழுவதும் இரைச்சல் அடங்கிவிடும். மின்வெட்டை வரவேற்கும் ஒரே கூட்டம் சிற்றலை நேயர்கள்தாம்.)

ஜவ்வாது மலைக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. நகர விளக்குகள் இல்லாத இருளுக்காகவே இம்மலையில் உள்ள காவலூரை வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் அங்கு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. கண்ணுக்கு இருள் எப்படியோ, சிற்றலைக் காதுக்கு மின்னிரைச்சல் இல்லாத அமைதி அப்படி. நகர அடுக்ககத்தில் வெறும் சீறலாகக் கேட்கும் நிலையம், மின்கருவிகள் குறைந்த மலையூர்களில் சொல் சொல்லாகக் கேட்கும். பாசன மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் பக்கத்துக் கொல்லையை விட்டு விலகி இருப்பது நல்லது.

குறைகளும் இல்லாமல் இல்லை. 1960களில் வாங்கிய மர்பியை ஒரு நல்ல பழுதுநீக்குநர் இன்றும் பேச வைத்துவிடுவார். செயலியின் ஆயுளோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இயங்குதளம் மாறும்போது செயலி புதுப்பிக்கப்படாவிட்டால், பழுதே இல்லாத பெட்டி ஊமையாகும். பொத்தானும் குமிழும் அறவே இல்லாத பெட்டியைத் தவிர்ப்பது அறிவுடைமை. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில் அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேடுவதற்கே செயலி இருப்பிட அனுமதி கேட்டது. கேட்பவர் யார் என்ற பதிவு எங்கும் இல்லாத ஊடகத்துக்கு இது பொருத்தமான துணை அல்ல.

பெட்டி வந்தது, குரல் போனது

இவ்வளவு வசதியும் சேர்ந்த பத்தாண்டுகளில் தமிழ்ச் சிற்றலைக்கு நேர்ந்தது என்ன? பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று தன் வானொலி ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. 76 ஆண்டுகள் ஒலித்த சேவை அதன் பின் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் சென்றது. வெரித்தாஸ் 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறியது. அகில இந்திய வானொலியும் மாநிலத் தலைநகரங்களில் இருந்த சிற்றலை ஒலிபரப்பிகள் பலவற்றை நிறுத்தியது. சென்னை நிலையத்துக்காக ஆவடியில் நின்ற 50 கிலோ வாட் ஒலிபரப்பி ஒருகாலத்தில் மத்திய அலை எட்டாத தொலைவு மாவட்டங்களுக்கும் கடல் கடந்தும் சென்னையின் குரலைக் கொண்டுசென்றது.

காரணங்களை மறுக்க முடியாது. நூற்றுக்கணக்கான கிலோ வாட் ஒலிபரப்பிக்கு ஆகும் மின்செலவு பெரிது. நேயர்கள் திறன்பேசிக்குப் போய்விட்டார்கள். கேட்பவர் எத்தனை பேர் என்பதை இணையத்தில் எண்ணிக் காட்டலாம். சிற்றலையில் காட்ட முடியாது. எண்ணிக் காட்ட முடியாத நேயருக்காக நிதி ஒதுக்க எந்த நிர்வாகமும் தயங்கும். இருந்தாலும் கணக்கில் வராத நேயர் இல்லாத நேயர் என்று முடிவு செய்தது சரியல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைப்பேசிகள் பேசவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் கோபுரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. அந்நாட்களில் மின்கலத்தில் ஓடும் வானொலியே பல வீடுகளுக்கு வெளியுலகம்.

உலகம் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022 மார்ச்சில் பி.பி.சி., அப்பகுதிக்கென இரண்டு புதிய சிற்றலை அலைவெண்களில் நாளுக்கு நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தி ஒலிபரப்பியது. 2023இல் சூடான் போரின்போது அரபு மொழியில் அவசர ஒலிபரப்பு நடத்தியது. கைவிட்ட ஒலிபரப்பியை மறுபடி முடுக்குவது, அது இடிக்கப்படாமல் நிற்கும்வரைதான் முடியும்.

மாற்று வழிகளும் முயலப்பட்டன. டி.ஆர்.எம். எனப்படும் எண்முறை ஒலிபரப்பு, பழைய மத்திய அலை, சிற்றலைப் பகுதிகளிலேயே தெளிவான ஒலியைத் தரும். அகில இந்திய வானொலி இதற்கெனப் பெரும் முதலீட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுவியது. கொச்சியைச் சேர்ந்த இன்டாட் நிறுவனம், சிறு வாங்கியை இணைத்துத் திறன்பேசியில் டி.ஆர்.எம். கேட்பதற்கான மென்பொருளை உருவாக்கியது. மலிவான பெட்டி கடைக்கு வராததால் ஒலிபரப்பு முந்தியும் நேயர் பிந்தியும் நிற்கும் நிலைதான் நீடித்தது. ஒலிபரப்பிக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்கைப் பெட்டி மலிவாக்கச் செலவிட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

கேட்பவர் வீட்டில் இரைச்சல் அதிகம் என்றால், அமைதியான இன்னொரு நாட்டில் உள்ள வாங்கியைச் செயலியால் இயக்குவதும் இன்று முடியும். நெதர்லாந்தில் டுவென்டி பல்கலைக்கழகத்தில் உள்ள இணைய வாங்கியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் தத்தம் விருப்பப்படி திருப்பிக் கேட்கிறார்கள். கிவி எஸ்.டி.ஆர். என்ற சிறு வாங்கியைத் தன் வீட்டில் வைத்து உலகுக்குத் திறந்துவிடும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மாணவர்கள் தொடங்குவதற்கு இது செலவில்லாத வழி. பெட்டி வாங்கும் முன் சிற்றலை எப்படி இருக்கும் என்று ஒரு மாலை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கோபுரம் சாய்ந்த நாளில் இது உதவாது.

தமிழ்நாட்டில் சிற்றலை ஆர்வம் அடியோடு மறைந்துவிடவில்லை. சென்னையிலிருந்து ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் இயங்கி வருகிறது. 'சர்வதேச வானொலி' என்ற தமிழ் இதழ் அலைவெண்களையும் நேயர் அனுபவங்களையும் தமிழிலேயே வெளியிட்டது. பழைய நேயர்களின் பெட்டிகளில் கியூ.எஸ்.எல். அட்டைகளும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்களும் கிடக்கின்றன. நாடாக்களுக்குப் பூஞ்சை பிடித்துவருகிறது. நிலையங்களே காப்பாற்றி வைக்காத குரல்கள் அவற்றில் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் திறன்பேசியிலாவது பதிவு செய்து பாதுகாப்பது அவசரமான வேலை.

தமிழோசை ஒலித்த இரவு 9.15 மணிக்கு, சந்தவாசலில் ஒரு மொட்டைமாடியில் செயலியின் தேடு பொத்தானை அழுத்தினால், பெட்டி 49 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று செல்லும். அவற்றில் பெரும்பாலானவை சீன நிலையங்கள். தமிழ் என்று அட்டவணையில் தேடினால் வருபவை பெரும்பாலும் கிறித்தவ அமைப்புகளின் அரை மணி நேர நிகழ்ச்சிகள். அவற்றின் ஒலி, பழைய நேயர் யாரும் கண்டிராத அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.